பாவடித் தெரு இண்டிகேட்டர்

காவிரிக்கு இக்கரையில் பாவடித் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே பிள்ளைகள் விசைத்தறிச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து, அந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்து, கல்யாணம் கட்டி, சண்டை போட்டு, சமாதானமாகி, கடைசியில் அந்தச் சத்தம் ஓயாமலே பாடையேறிப் போவார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது என்பதால் எல்லோரும் எல்லோரையும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், போகும்போது முகம் எப்படி இருந்தது என்று பார்த்துப் பார்த்தே பாதி ஆயுள் போய்விடும், அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தெருவில்தான், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற நல்லசிவம், தன் மனைவி துளசிமணி நடத்துகிற தறிக்கூடத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் சுவிட்சைக் கொண்டுவந்து மாட்டினார். அதற்குப் பிறகு தெருவின் அக்கறைக்கு அளவில்லாமல் போயிற்று.

நல்லசிவத்துக்கு வண்டி ஓட்டுவதில் பெரிய ஆசையெல்லாம் கிடையாது, வண்டியின் கைப்பிடியில் இருக்கிற சுவிட்சுகள் மேல்தான் ஆசை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, புழுதி தின்று, யாரோ ஒருவனின் கட்டை விரலுக்குக் கீழே வருஷக் கணக்கில் உழைத்த சுவிட்ச், கடையில் பளபளவென்று தொங்குகிற எந்தப் புதுச் சுவிட்சையும்விட நம்பத் தகுந்தது என்பது அவர் கட்சி. பவானி ரோட்டில் பழைய வண்டிகளை உடைத்து உதிரியாக விற்கிற கடையில் உட்கார்ந்து, மற்றவர்கள் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிக்கொண்டு வருவார். ஹாரன் பொத்தானை வாசலில் அழைப்பு மணிக்கு வைத்தார், மணிக்குப் பதிலாக வண்டி ஹாரனே அலறியதில் பால்காரர் முதல் நாள் பாலை வாசற்படிக்கு அபிஷேகம் செய்துவிட்டுப் போனார். வண்டியை உசுப்புகிற ஸ்டார்ட்டர் பொத்தான் மாவரைக்கிற கிரைண்டருக்குப் போயிற்று. வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற சுவிட்ச் சமையலறை விளக்குக்கு, சமைக்க ஒரு வெளிச்சம், அரிசியில் கல் பார்க்க ஒரு வெளிச்சம் என்று. எஞ்சினை நிறுத்துகிற சிவப்புச் சுவிட்ச் தறிக்கு ஒன்று, வீட்டுக் கரண்டை இதெல்லாம் தாங்காது என்பதால் நடுவே ஒரு ரிலே. துளசிமணி சிரித்தாள், அக்கம்பக்கம் கேலி செய்தது, சுவிட்சுகள் ஒழுங்காக வேலை செய்தன.

இண்டிகேட்டரும் ஒழுங்கான காரணத்துக்காகத்தான் வந்தது. தறி ஓடும்போது கூடத்துக்குள் இருக்கிறவளை வீட்டிலிருந்து கூப்பிட முடியாது, தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் சுவிட்சை அடுப்படி ஜன்னலோரம் வைத்து, ஒயரை முற்றம் தாண்டி இழுத்து, தறிக்கூடத்தின் முன்வாசல் நிலைக்கு மேலே இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக இரண்டு மஞ்சள் விளக்குகளை மாட்டினார் நல்லசிவம். இடது விளக்கு அடித்தால் வீட்டுக்கு விருந்தாளியாக ஒறம்பரை வந்திருக்கிறது, வலது விளக்கு அடித்தால் சோறு ஆயிற்று. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் செய்து தந்ததிலேயே உருப்படியானது இதுதான் என்று துளசிமணி சொன்னாள், அதைச் சொல்லும்போது அவளுக்கு அவர் மேல் கொள்ளை ஆசையாக இருந்தது.

ஆடி மாசத்தில் ஒரு காலை, நாலாவது தறி ஓட்டுகிற செல்லக்குமார் வேலைக்கு வந்து நிலைக்குக் கீழே நின்று செருப்பைக் கழற்றினான். இடது விளக்கு டிக் டிக்கென்று அடித்தது. துளசிமணி தறியை நிறுத்திவிட்டு, ஒறம்பரைக்கு என்ன பலகாரம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வாசலில் ஒருவருமில்லை, அடுப்படியில் சுவிட்ச் நடுவில்தான் நின்றது. செல்லக்குமார் உள்ளே போனதும் விளக்கு அணைந்தது. மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. அந்த வாரக் கடைசியில் செல்லக்குமார் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

நல்லசிவம் விளக்கை விட்டுவிட்டு எரிய வைக்கிற பிளாஷரை மாற்றிப் பார்த்தார், ஒயரைப் புதிதாக இழுத்துப் பார்த்தார், கடைசியில் பேட்டரியையே கழற்றிக் கீழே வைத்துப் பார்த்தார். பேட்டரி இல்லாமலும் விளக்கு அடிக்க வேண்டிய ஆளுக்கு அடித்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பேட்டரியைத் திரும்ப மாட்டினார். பேட்டரி கொடுக்காமல் ஒரு விளக்கைச் சும்மா எரிய விடுவது முறையில்லை என்பது அவர் எண்ணம். துளசிமணியும் காரணம் தேடவில்லை. ஆள் நேராகப் போகிறவனா, பாதியில் வளைந்து போகிறவனா என்று இந்த விளக்கு காட்டுகிறது, அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டாள், கறிக்கடைக்காரர் தராசை எடுத்துக்கொள்கிற மாதிரி.

செய்தி தெருவில் பரவ, எதிர்வீட்டுப் பூவாத்தா போதுமாக இருந்தார். பூவாத்தாவுக்கு அறுபது வயசுக்கு மேல், சொந்தத் தறி கிடையாது, அதனால் பார்ப்பதற்கு நிறைய நேரம் இருந்தது. முதலில் தன் வீட்டில் குடியிருக்கிறவரைக் கூட்டிவந்து நிலைக்குக் கீழே நிறுத்தினார், விளக்கு அடிக்கவில்லை, அவருக்கு அன்று சாயங்காலம் பூவாத்தா வீட்டிலிருந்து பணியாரம் போயிற்று. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஆளோடு வந்தார்கள், கூட்டுத் தொழில் தொடங்குகிறவர்கள் ஒருவரையொருவர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள், மாரியம்மன் கோயில் கமிட்டி தன் தலைவரை விளக்குக்குக் கீழே நின்றவாறே தேர்ந்தெடுத்தது, அந்த வருஷம் தலைவராக நிற்க முன்வந்தவர் ஒரே ஒருவர்தான். கல்யாணம் நிச்சயமாகி உப்புச் சர்க்கரை மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையைத் துளசிமணியின் தறிக்கூடத்துக்குக் கூட்டிவந்து காட்டுவது ஒரு சீராகவே ஆகி, அதற்கென்று வெற்றிலைத் தட்டம் வைத்து, பெண்ணுக்கு மாமன் முறையுள்ளவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிலைக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்று விதியும் வந்தது, அந்த விதியை ஆதிகாலத்திலிருந்து இருப்பது போலவே பேசினார்கள். இடது விளக்கு என்றால் விளக்குக்கு இடதா, நிற்கிற ஆளுக்கு இடதா என்று இரண்டு கட்சிகள் உண்டாகி, மச்சானும் மச்சானும் அந்த விஷயத்தில் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு வீட்டுக்கு வீடு வேண்டும் என்று ஆயிற்று. புதுச் சுவிட்ச் வாங்கி மாட்டினவர்களுக்கு ஒன்றும் அடிக்கவில்லை, ஒரு தடவைகூட எங்கும் திரும்பாத சுவிட்சுக்குத் திருப்பத்தைப் பற்றி என்ன தெரியும். ஓடி ஓய்ந்த வண்டியின் சுவிட்ச்தான் வேண்டும் என்று எல்லோரும் நல்லசிவத்திடமே வந்தார்கள். தெரு முழுக்க நிலைகளுக்கு மேலே மஞ்சள் விளக்குகள் முளைத்தன. ஆயுத பூஜைக்கு அவற்றுக்குச் சந்தனம், குங்குமம், பொரி. ஜனங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதைக் குறைத்துக்கொண்டார்கள், போனாலும் படிக்கு வெளியே நின்றே பேசிவிட்டு வந்தார்கள், படியேற மாட்டேன் என்கிறவரைப் பார்த்து, ஏன் ஏற மாட்டேன் என்கிறார் என்று அடுத்த சந்தேகம் கிளம்பியது. பூவாத்தா தன் அண்ணன் மகளுக்குப் பேசியிருந்த நல்ல சம்பந்தத்தை, பையனுக்கு வலது விளக்கு இரண்டே இரண்டு தடவை அடித்தது என்பதற்காக முறித்துவிட்டார். அந்தப் பெண் அழுதாள். அழுகிறவளையும் நிலைக்குக் கீழே நிறுத்திப் பார்த்தார்கள்.

துளசிமணிக்கு விளக்கு ஒரு நாளும் அடித்ததில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அந்த நிலையைக் கடக்கிறவள், அவள் தலைக்கு மேலே இரண்டு விளக்கும் பச்சைப் பிள்ளை மாதிரி தூங்கும். தெருவில் அவள் பேச்சுக்கு எடை கூடியது. ஒரு தகராறு என்றால், துளசி என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது, கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. அந்த ஏற்றத்தில்தான் ரங்கம்மாளை வேலையை விட்டு அனுப்பினாள். ரங்கம்மாள் ரொம்ப வருஷமாக அவளிடம் ஊடை நூலைத் தாராகச் சுற்றுகிற வேலை செய்தவள், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு மாசம் ஊருக்குப் போய்விட்டு வந்தவளுக்கு, வந்த நாளிலிருந்து இடது விளக்கு விடாமல் அடித்தது. எங்கேயும் போகிற எண்ணம் இல்லை என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று துளசிமணி சொன்னாள், சொல்லிவிட்டுத் தன் நியாயத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

இத்தனைக்கும் நடுவே ஒன்றை அவள் கவனிக்காமல் இருந்துவிட்டாள், கவனித்தவர் பூவாத்தாதான். நல்லசிவம் தறிக்கூடத்துக்கு முன்வாசல் வழியாக வருவதே இல்லை. மோட்டார் பார்க்க வந்தாலும், பெல்ட் மாற்ற வந்தாலும், சாக்கடையைத் தாண்டி, முள்வேலியைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாகத்தான் நுழைகிறார்.

“அம்முணி, சொல்றனேன்னு தப்பா நெனைக்காத,” என்றார் பூவாத்தா, தறி ஓடாத ஒரு மத்தியானத்தில், அவள் காதருகே குனிந்து. “வெளக்கு மாட்டுன மனுசன் அந்த வெளக்குக்கு அடியில வர்றதில்ல. பொறக்கடையில நொழையறவன் சும்மா நொழைய மாட்டான்.”

துளசிமணி அதைச் சிரித்துத் தள்ளினாள். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. புதுப் பாவு வந்த அன்று, நூல் சுற்றிய உருளையை முன்வாசல் வழியாகத்தான் கொண்டுபோக முடியும், அதைத் தூக்க ஓர் ஆள் குறைந்தது. வீட்டில் படுத்திருந்த நல்லசிவத்தை அவளே கூப்பிட்டாள். அவர் முதுகு வலிக்கிறது என்றார், அவள் விடவில்லை, வாசலில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உருளையின் ஒரு முனையைப் பிடித்து, முகத்தை அவளுக்குக் காட்டியபடி, பின்னோக்கி நடந்து நிலைக்குக் கீழே வந்தார். இடது விளக்கு அடித்தது. மறு முனையைப் பிடித்திருந்த தறிக்காரனுக்கு அது ஒரு நாளும் அடித்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நல்லசிவம் மேலே பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, உருளையை ஒழுங்காகத் தறியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பின்பக்கமாகவே வெளியே போனார்.

அன்றிலிருந்து துளசிமணிக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுவரை சாதாரணமாக இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக முகத்தை மாற்றிக்கொண்டது. புதன்கிழமை தவறாமல் பவானி பக்கம் போகிறாரே, எதற்கு? குளிக்கும்போது பாட்டை முணுமுணுக்கிறாரே, யாருக்கு? புதுப் பனியன் எதற்கு? போனைக் கவிழ்த்து வைக்கிறார், முன்பும் கவிழ்த்துத்தான் வைத்தாரா? நூல் கடையில் கணக்கு எழுதுகிற கோமதி, புருஷனை இழந்தவள், அவள் வீடும் அந்த வழியில்தான் இருக்கிறது, அவள் வீட்டு மோட்டார் மட்டும் ஏன் அடிக்கடி எரிகிறது? பூவாத்தா எதையும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார், அப்படிக் கேட்கிறவர் எதிரில் இருந்தால் சந்தேகத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேறு ஆள் வேண்டாம். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் தாரணி போன் செய்தபோது, அப்பா நல்லாயிருக்காரா என்று அவள் கேட்ட கேள்விகூடத் துளசிமணிக்கு வேறு மாதிரி கேட்டது. நேராக அவரிடம் கேட்டுவிடலாம்தான். கேட்டு, அவர் ஆமாம் என்றுவிட்டால் இந்த வீட்டில் தன் இடம் என்ன என்று தெரியவில்லை, அந்தப் பயத்தில்தான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, அவர் வண்டியை எடுத்ததும், இவளும் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு, தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, மகளின் ஸ்கூட்டியில் பின்னாலேயே கிளம்பினாள். அவர் பாவடித் தெரு முனையில் வலது பக்கம் திரும்பி மெயின் ரோட்டில் ஏறினார். ஏறி நேராகப் போனார். ஆனால் அவர் வண்டியின் வலது இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது.

பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்தில் வலது புறம் ஒரு சந்து வந்தது, இதோ திரும்பப் போகிறார் என்று துளசிமணி பிரேக்கில் கையை வைத்தாள், அவர் திரும்பவில்லை. பள்ளிவாசலை ஒட்டி ஒரு வழி வந்தது, அங்கேயும் திரும்பவில்லை. அடுத்து வருவதுதான் கோமதி வீட்டுக்குப் போகிற வழி என்றதும் அவள் வாய்விட்டுச் சாமி பேரைச் சொன்னாள், கண்ணில் தண்ணீர் வந்து ரோடே மங்கியது, எதிரே அந்த மஞ்சள் வெளிச்சம் மட்டும் வலது வலது என்று சொல்லிக்கொண்டே போயிற்று. நல்லசிவம் அந்த வழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தார். எதிரே வந்த வண்டிக்காரர்கள் அவரைப் பார்த்துக் கைவிரல்களை மடக்கி விரித்து, மடக்கி விரித்துக் காட்டினார்கள், நம் ஊர்ப்பக்கம் முன்பின் தெரியாதவர்கூட முன்பின் தெரியாதவருக்குச் செய்கிற உபகாரம் அது, அவர் எதையோ யோசித்துக்கொண்டு ஓட்டினார், யாரையும் பார்க்கவில்லை. ஒரு டவுன் பஸ் அவரை உரசுகிற மாதிரி கடந்தபோது, கண்டக்டர் படியிலிருந்து தலையை நீட்டினார்.

“ஏனுங்ணா, அது எப்பத் திரும்புனது?” என்று கத்தினார். “அமத்துங்ணா. பின்னாடி வர்றவங்கெல்லாம் ஏமாந்து போறாங்க.”

நல்லசிவம் தலையை ஆட்டிவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். துளசிமணி ஸ்கூட்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டாள். தெரு முனையில் திரும்பின திருப்பம், அதை அமத்த மறந்து இத்தனை தூரம் வந்திருக்கிறார், பின்னால் வந்தவள் ஒவ்வொரு சந்திலும் செத்துப் பிழைத்திருக்கிறாள். திரும்பப் போகிறவனுக்கும் அதே விளக்கு, எப்போதோ திரும்பி முடித்துவிட்டு அமத்த மறந்தவனுக்கும் அதே விளக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் விளக்கில் இல்லை. முதல் நாள் செல்லக்குமாருக்குச் சரியாக அடித்தது என்பதற்காக, அதற்குப் பிறகு அடித்ததையெல்லாம் வரப்போகிறதென்றே ஒரு தெரு மொத்தமும் நம்பியிருக்கிறது, அதுவும் தினம் இண்டிகேட்டரை அமத்த மறக்கிற ஜனங்கள். அவளுக்கு முதலில் நினைவு வந்தது ரங்கம்மாளின் கும்பிட்ட கைதான். மாமியார் ஊரிலேயே இருந்துவிடலாமா என்று அந்த ஒரு மாசத்தில் ஒரு நாள் அவள் நினைத்திருக்கலாம், நினைத்துவிட்டு வந்திருக்கலாம். வந்தவளைத் துளசிமணி துரத்திவிட்டாள். ரோட்டோரப் புளியமரத்துக்குக் கீழே நின்று அவள் வெட்கத்தில் அழுதாள்.

நல்லசிவம் அன்றும் பழைய வண்டிக் கடையில் சுவிட்ச் பொறுக்கத்தான் போயிருந்தார், தெருவில் இன்னும் கேட்டவர்கள் இருந்தார்கள். பொழுதோடு வீடு திரும்பியபோது கரண்ட் போயிருந்தது. தெருவே மூச்சை நிறுத்தியது போல அமைதியாக இருந்தது, அந்த அமைதியில் மெதுவாகப் பேசினாலும் கேட்கும். அவர் வாங்கிவந்த சுவிட்சுகளை முற்றத்தில் பரப்பி, ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் நனைத்துப் பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். துளசிமணி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, நீங்க எப்பத் திரும்புனீங்க?” என்று கேட்டாள்.

எங்கே, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்தார். தாரணி பிறந்தபோது என்றார். துளசிமணி பிரசவத்துக்குச் சென்னிமலையில் அம்மா வீட்டில் இருந்தாள். குழந்தையைப் பார்க்கக் கிளம்பினவர், ஈரோட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் ரயில் ஸ்டேஷனுக்குப் போய், வடக்கே போகிற ரயில் ஒன்றில் ஏறியிருக்கிறார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற இந்தத் தறிச் சத்தம், இனி சாகிறவரை இதுதான், குழந்தைக்கும் இதுதான் என்று தோன்றியது, சத்தம் இல்லாத ஓர் ஊருக்குப் போய் ஒருநாளாவது தூங்க வேண்டும், பிறகு அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். சேலத்தில் இறங்கிவிட்டார். மோட்டார் வேலை வந்துவிட்டது, அதனால்தான் தாமதம் என்று அப்போது சொன்னது பொய். இதையெல்லாம் அவர் குனிந்தபடி, கையில் இருந்த மண்ணெண்ணெயை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார். விளக்கு முதன்முதலில் தனக்கு அடித்தபோதே எதற்கு அடிக்கிறது என்று தெரிந்துவிட்டது, அதிலிருந்துதான் பின்பக்கமாக வருகிறேன் என்றார்.

அவளுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

“சேலத்துல எறங்குனது, என்னையும் புள்ளையையும் நெனச்சா?”

நல்லசிவம் ஒரு சுவிட்சை எடுத்து இடதுக்கும் வலதுக்கும் தள்ளிப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தது அவளுக்கு.

“இல்ல துளசி,” என்றார். “பிளாட்பாரத்துல படுத்தேன், சத்தமே இல்ல, தூக்கம் வரல. அதுக்குத்தான் திரும்ப வந்தேன். உங்களை நெனச்சதெல்லாம் வந்ததுக்கு அப்பறம்.”

கரண்ட் வந்தது, தெருவில் தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, அதற்கு மேல் பேச முடியவில்லை. கோமதி இல்லை, யாரும் இல்லை என்று நிம்மதிப்பட வேண்டியவள், நெருப்பை விழுங்கினவள் மாதிரி இருந்தாள். இத்தனை மாசமாகச் சந்தேகப்பட்டதெல்லாம் காற்று. கையில் இப்போது கிடைத்திருப்பது நிஜம். பச்சைப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலைப் பார்த்துக் காத்திருந்த நாளில், இந்த மனுஷன் வடக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறார், திரும்பி வந்ததும் அவளுக்காக இல்லை. அதைக்கூட மறைக்கத் தெரியாமல் சொல்கிறார். நன்றாக ஆத்திரம் வந்தது அவளுக்கு, அந்த ஆத்திரத்திலேயே படுத்தாள், அதிலேயே எழுந்தாள். விடிந்ததும் ரெக்சின் பையில் நாலு சேலையை எடுத்து வைத்தாள், தாலிச் சங்கிலியைத் தவிர மற்ற நகையை எடுத்து வைத்தாள், பையை உள்ளறைக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள். தறிக்காரர்களுக்கு வேலையைச் சொல்லிவிட்டு, சென்னிமலை பஸ்ஸைப் பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு. திரும்பி வருவதா இல்லையா என்பதை அங்கே போய் யோசித்துக்கொள்ளலாம்.

அன்று காலை நல்லசிவம் முன்வாசல் வழியாகத் தறிக்கூடத்துக்கு வந்தார். நிலைக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்றார். விளக்கு அடிக்கவில்லை, நேற்று வாயைத் திறந்து சொன்னதிலேயே அது அமந்துவிட்டது போல. உள்ளே இருந்த தறிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பாவு வந்த அன்றைக்கு இவருக்கு அடித்தது இன்றைக்கு ஏன் அடிக்கவில்லை என்று ஒருவன் வெளியே வந்து எட்டிப் பார்த்தான், அவன் எட்டிப் பார்ப்பதை எதிர்வீட்டிலிருந்து பூவாத்தா பார்த்தார். துளசிமணி சாவிக் கொத்தோடு முற்றத்தைக் கடந்து வந்தாள், படியேறினாள்.

இடது விளக்கு அடித்தது.

அவள் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றுவிட்டாள். பின்னால் நகர்ந்தாள், அணைந்தது. முன்னால் வந்தாள், அடித்தது. துளசிமணிக்கு அடிக்கிறது என்ற செய்தி தறிச் சத்தத்தைத் தாண்டி எப்படித்தான் போயிற்றோ, கண்மூடித் திறப்பதற்குள் தெரு முற்றத்தில் இருந்தது. ஈரத் துணியோடு வந்தவர்கள், வாயில் பிரஷ்ஷோடு வந்தவர்கள், விளக்குக்கு இடது என்கிற மச்சான், ஆளுக்கு இடது என்கிற மச்சான், எல்லோருக்கும் முன்னால் பூவாத்தா. ரங்கம்மாளை அனுப்பியபோது எப்படிப் பார்த்தார்களோ அப்படியே பார்த்தார்கள். அந்தப் பார்வை எவ்வளவு கூச வைக்கும் என்று துளசிமணிக்கு அப்போதுதான் தெரிந்தது, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

நல்லசிவம் உள்ளே போய் ஒவ்வொரு தறியாகச் சிவப்புச் சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட்டு வந்தார். கூடம் அமைதியானது. வந்து அவளுக்குப் பக்கத்தில், அதே நிலைக்குக் கீழே நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனுஷன், இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இது பழைய திருப்பமுங்க,” என்றார். “வண்டியில திரும்பிட்டு நாம அமத்த மறந்து போறமல்ல, அந்த மாதிரி. எனக்கும் அப்படித்தான் அடிச்சுது, பல வருசத்துக்கு முந்தி நான் ஒருக்கா உட்டுட்டுப் போகப் பாத்தேன், திரும்பி வந்துட்டேன். இவளும் போகோணும்னு ஒருக்கா நெனச்சா. வந்துட்டா. அமத்தலை, அவ்வளவுதான். நீங்க போயி அவங்கவங்க சோலியைப் பாருங்க.”

சொன்னது ஒவ்வொருவர் மண்டையிலும் இறங்க இறங்க, பார்வைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. விளக்கைக் காட்டி அனுப்பிவிட்ட ஆள் ஒருவராவது இல்லாத வீடு அந்தத் தெருவில் இல்லை. மச்சான்கள் இருவரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள். பூவாத்தாவின் முகம் சுண்டிப்போயிற்று, அண்ணன் மகள் அழுதது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஆனாலும் பார்த்துப் பழகிய மனசு லேசில் விடுமா. அவர் துளசிமணிக்குக் கிட்டே வந்தார்.

“நெசமாவா துளசி? வந்துட்டியா?”

துளசிமணி புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, முற்றத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காலையில் சட்டை எடுக்க உள்ளறைக்குப் போனார், கதவுக்குப் பின்னால் இருந்த பை அவர் காலில் இடித்திருக்கும். அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் பேசுகிறார். நேற்றுச் சாயங்காலம், அவள் ஏங்கிக் கேட்டும், தன் நன்மைக்காக ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியாத மனுஷன், இப்போது அவள் தலைகுனியக் கூடாது என்பதற்காக ஊரையே நிற்க வைத்து இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாமல் தவித்துக்கொண்டு நிற்கிறார். ஆத்திரம் இன்னும் இருந்தது. ஆனால் அவரை அப்படி நிற்க விட்டுவிட்டு பஸ் ஏற அவளால் முடியாது என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

“ஆமாக்கா,” என்றாள். “வந்துட்டேன்.”

அப்படிச் சொன்ன பிறகுதான் அவள் உண்மையிலேயே வந்தாள். தலைக்கு மேலே விளக்கு நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அடித்தால் அடிக்கட்டும் என்று உள்ளே போய், முதல் தறியை ஓட விட்டாள்.